சுவரில் மட்டும் மெக்சிகோ



உணவைக் குறை கூறுவது நமக்குக் கற்பிக்கப்பட்ட பழக்கமன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் பழித்ததில்லை. விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிடில் விட்டுவிடுவார்கள் என்பதை நம் வீட்டுக் குழந்தைகளும் அறியும். ஆதலால் இம்மாதப் பக்கத்தை எழுத உட்கார்ந்தபோது என் பேனா சற்றே தயங்கியது. தட்டில் வந்ததை நாங்கள் மீதமின்றி உண்டுவிட்டோம். அதன் மேல் ஒட்டியிருந்த பெயரைத்தான் இன்னும் விழுங்க முடியவில்லை.

மூன்று மாதங்களுக்கு முன் என் மகள் வயிற்றுப் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறினாள். "என்ன வேண்டும், கேள்" என்றேன். புத்தாடை கேட்பாள், கைக்கடிகாரம் கேட்பாள் என்று எண்ணியிருந்தேன். "நன்னா, எங்களையெல்லாம் மெக்சிகன் சாப்பாட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்றாள். காஞ்சிபுரத்தில் பிறந்து, கூட்டுறவு நெசவாளர் சங்கமொன்றில் எழுத்தராக 31 ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊரில் விருந்தென்றால் பிரியாணி, அதற்கடுத்து இட்லி. மெக்சிகோ எங்கிருந்து வந்தது?

வந்துதான் விட்டிருக்கிறது. 1990களில் சென்னைக் கதீட்ரல் சாலையில் டான் பெப்பே என்னும் உணவகம் மெக்சிகோ சாயல் கொண்ட உணவைத் தந்தபோது, அது வசதி படைத்தோரின் பொழுதுபோக்காக இருந்தது. 2010-ஆம் ஆண்டு டாகோ பெல் என்னும் அமெரிக்க நிறுவனம் பெங்களூரில் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது. அதன் பின்னர், ஷவர்மா வந்த வழியே டாகோவும் சிறு நகரங்களுக்கு வந்து சேர்ந்தது. எங்கள் நகரின் புறத்தே திறக்கப்பட்டிருந்த அக்கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயரை எழுதி ஒருவர் பிழைப்பில் மண் அள்ளிப் போடுவதற்காக இப்பக்கம் எனக்குத் தரப்படவில்லை. மேலும், அங்கே அடுப்படியில் நிற்பவன் யாரென்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

வாயிலில் பலகை: "மலிவு விலையில் மெக்சிகோ விருந்து. கையால் தட்டிய மக்காச்சோள டாகோ." உள்ளே சுவர் முழுதும் ஓவியம். அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்த மீசைக்காரர் ஒருவர் கித்தார் வாசிக்கிறார். அருகே ஆளுயரச் சப்பாத்திக்கள்ளி. என் இல்லாள் அதைப் பார்த்து, "இது நம் பாலாற்றங்கரையில் இருப்பதுதானே? இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ, அதில் ஒரு வரலாறே அடங்கியிருக்கிறது. சப்பாத்திக்கள்ளியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவில் அக்கள்ளியின்மேல் வாழும் சிறு பூச்சியை உலர்த்திப் பொடித்தால் கொச்சினீல் என்னும் செஞ்சாயம் கிடைக்கும். ஐரோப்பாவின் பட்டும் கம்பளியும் அச்சாயத்திற்காக ஏங்கிக் கிடந்த காலத்தில், ஸ்பெயின் நாட்டார் அதனைத் தம் கைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்தனர். அதை எப்படியேனும் பறிக்க வேண்டுமென்று, கம்பெனியாரின் சென்னைத் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780களின் இறுதியில் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமொன்று அமைத்தார். பூச்சி 1795-இல் பிரேசிலிலிருந்து கல்கத்தா வழியாக வந்தது. ஆனால் வந்து சேர்ந்தது வளர்ப்புப் பூச்சியன்று, காட்டுப் பூச்சி, சாயம் மட்டம். திட்டம் படுத்துவிட்டது. பெயர் ஒன்று, சரக்கு வேறொன்று என்னும் கதை அன்றே நடந்திருக்கிறது பாருங்கள்! செஞ்சாயத்தின் மதிப்பறிந்த பட்டு நகரத்தில் உட்கார்ந்து அக்கள்ளியைப் பார்த்தபோது, அன்றைய விருந்தில் உண்மையான மெக்சிகோ அந்தச் சுவர்தான் என்பதை நான் இன்னும் அறிந்திருக்கவில்லை.

உணவு வந்தது.

டாகோ என்று வந்தது, உறையிலிட்டுக் கடைகளில் விற்கும் மைதா ரொட்டி. அதைத் தோசைக்கல்லில் காட்டி இரண்டாக மடித்திருந்தார்கள். உள்ளே கோழித் துண்டுகள், முட்டைக்கோசு, அதன்மேல் வெள்ளை வெளேரென்று மயோனைஸ். சல்சா என்னும் பெயரில் கிண்ணத்தில் வந்தது, புட்டியில் அடைத்து விற்கும் தக்காளிச் சாற்றில் பச்சை வெங்காயத்தை அரிந்து போட்ட கலவை. இனித்தது. மெக்சிகோ சோறு என்றது, நம் வீட்டில் பள்ளிக்குக் கட்டித் தரும் தக்காளிச் சோறு. குடைமிளகாயும் நான்கு ராஜ்மா கொட்டையும் அதற்குக் கடல் கடந்த பட்டம் வாங்கித் தந்திருந்தன. நாச்சோஸ் என்னும் வறுவல் உறையிலிருந்து கொட்டப்பட்டு, நமுத்துப் போயிருந்தது.

அந்த நாச்சோஸின் கதை எனக்குத் தெரியும் என்பதால் அது கூடுதலாக உறுத்தியது. 1940களின் தொடக்கத்தில் மெக்சிகோவின் எல்லை நகரான பியத்ராஸ் நெக்ராசில், சமையற்காரர் இல்லாத வேளையில் அமெரிக்கப் பெண்கள் சிலர் பசியோடு வந்து அமர்ந்தனர். அங்கிருந்த இக்னாசியோ அனாயா என்பவர், இருந்த மக்காச்சோள ரொட்டியை நறுக்கிப் பொரித்து, பாலாடைக்கட்டியைத் தூவி உருக்கி, மிளகாய்த் துண்டுகளை வைத்துக் கொடுத்தார். இக்னாசியோ என்பவரைச் செல்லமாக அழைக்கும் பெயர்தான் நாச்சோ. ஆக, அதுவும் கையிலிருந்ததை வைத்து அவசரத்துக்குச் செய்ததே. ஆனால் சூடாகச் செய்தார், வந்தவருக்கென்று செய்தார்.

"இவருக்கு மெக்சிகோ உணவைப் பற்றி என்ன தெரியும்?" என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமே. என் மகன் பணியாற்றும் கலிஃபோர்னியாவில் நான்கு மாதம் தங்கியிருந்தபோது, கட்டட வேலைக்குச் செல்லும் மெக்சிகோ நாட்டுத் தொழிலாளர்கள் உண்ணும் தெருவோர வண்டிகளில் நானும் வரிசையில் நின்று உண்டிருக்கிறேன். அம்மாநிலத்தில் ஹலால் இறைச்சியில் டாகோ செய்து தருவோரும் உண்டு. 2017-ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் சாண்டா அனா நகரப் பள்ளிவாசலில் டாகோ வண்டியை வரவழைத்து, நோன்பு துறப்பதற்கு அண்டை அயலாரையும் அழைத்து உபசரித்த நிகழ்ச்சி அங்கே பெரிதாகப் பேசப்பட்டது. நான் உண்ட வண்டியில் மூதாட்டி ஒருவர் மாவை உள்ளங்கைகளுக்கிடையே தட்டித் தட்டி இரும்புக் கல்லில் இடுவார். அந்த ரொட்டியிலிருந்து எழுந்த வாடை, வெள்ளையடித்த புதுச் சுவரின்மேல் மழை பெய்தாற்போன்றிருக்கும். சுண்ணாம்பின் வாடை அது. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

கோழி எங்கே வாங்கியது என்று கேட்டறிந்த பிறகே நாங்கள் கை வைத்தோம், நம்மவர் கடையில்தான். இந்த இடத்தில் சகோதரிகள் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. வெளிநாடு சென்றால், மெக்சிகோ உணவகங்களில் அவரையை மசித்துத் தாளிப்பது பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில், கேட்டுவிட்டு உண்ணுங்கள். அது அந்நாட்டின் பழைய வழக்கமன்று. பன்றி 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டாரின் கப்பலில் ஏறி அங்கே போனது. அதே கப்பலில் நம் அரபு மொழியும் போயிற்று. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் முஸ்லிம்களின் ஆட்சியைக் கண்ட நாடல்லவா ஸ்பெயின்! அரிசிக்கு மெக்சிகோவில் 'அர்ரோஸ்' என்கிறார்கள். அது அரபியின் 'அர்ருஸ்'. சர்க்கரைக்கு 'அசூக்கர்'; அது 'அஸ்ஸுக்கர்'. எண்ணெய்க்கு 'அசேய்த்தே', அது 'அஸ்ஸைத்'. அங்குள்ள கறியுருண்டைக் குழம்பின் பெயர்கூட அரபிலிருந்து வந்ததே. போதாததற்கு, 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லெபனான் நாட்டிலிருந்து குடியேறியோர் புவெப்லா நகரில் நிமிர்ந்த கம்பியில் இறைச்சியைக் கோத்துச் சுட, அது அங்கே 'அரபு டாகோ' ஆயிற்று. நம் தெருமுனை ஷவர்மாவின் உடன்பிறப்பு அது. இத்தனை உறவுள்ள உணவை, உறவே இல்லாததாக்கி என்முன் வைத்திருந்தார்கள் என்பதே என் வருத்தம்.

நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து ஓர் இளைஞன் துண்டில் கையைத் துடைத்தபடி ஓடி வந்தான். "மாமா, நீங்களா! முன்பே தெரியாமல் போயிற்றே. எப்படி இருந்தது சாப்பாடு?"

திருப்பருத்திக்குன்றத்தில் பட்டு நெய்யும் என் நண்பரின் மகன் அவன். சங்கத்தில் நான் பணியில் சேர்ந்த நாள்தொட்டு அவருடன் பழக்கம். இந்தப் பிள்ளை எட்டு வயதில் தந்தையின் தறிக்கருகே நின்று கரை நாடாவைத் தள்ளிக் கொடுத்ததைப் பார்த்தவன் நான். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் தனித்தனி நிறம்; ஒவ்வோர் ஊடையிலும் இரண்டையும் கோத்துப் பிணைக்க வேண்டும்; அதற்கு இரண்டாவது ஆள் வேண்டும். அந்த இரண்டாவது ஆளாக வளர்ந்தவன், உணவகப் பணிக்கான படிப்பு ஏதோ படிப்பதாகச் சொன்னார்கள். இங்கேதான் இருக்கிறான்.

"நன்றாயிருந்தது தம்பி" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான்கு பேருக்கு 940 ரூபாய் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். வழியெல்லாம் அவள் ஒன்றும் பேசவில்லை. வீட்டுப் படியேறும்போது, "பொய் சொல்லக் கூடாதென்று எங்களுக்குச் சொல்வீர்களே நன்னா" என்றாள். 940 ரூபாய் அன்றிரவே மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

பத்து நாள் கழித்து மிதிவண்டியை எடுத்துக்கொண்டு திருப்பருத்திக்குன்றம் சென்றேன். அவ்வூரைச் சமணக் காஞ்சி என்பர். வேகவதியாற்றின் அருகே திரைலோக்கியநாதர் கோயில். அதன் சங்கீத மண்டபத்தை 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விசயநகர அரசின் அமைச்சரும் படைத்தலைவருமான இருகப்பர் என்னும் சமணர் எழுப்பினார். விதானத்தில் தீர்த்தங்கரரின் வாழ்க்கை வண்ணத்தில் விரிந்திருக்கும். அம்மண்டபம் எழுந்தபோது காஞ்சி மாநகரில் ஒருவர் வீட்டிலும் மிளகாய் இல்லை. தக்காளி இல்லை, மக்காச்சோளம் இல்லை, பப்பாளி இல்லை, கொய்யா இல்லை, சப்போட்டாவும் இல்லை. இவையெல்லாம் அமெரிக்கக் கண்டத்தின் விளைபொருள்கள்; 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பின்னர், போர்ச்சுகீசியர் வகையறாக்களின் கப்பல்களில் ஒவ்வொன்றாய் வந்தவை. மிளகு தந்த காரத்தைத் தந்ததால் அந்தப் புதிய காயை மிளகு-காய், அதாவது மிளகாய் என்றனர் நம் முன்னோர். காஞ்சிபுரம் இட்லி இன்றும் மிளகும் சீரகமும் சுக்கும் கொண்டே ஆக்கப்படுகிறது. மிளகாய் வருவதற்கு முந்திய நாவின் நினைவு அதில் தங்கியிருக்கிறது. சில்லி, டொமேட்டோ, சப்போட்டா என்னும் சொற்களெல்லாம் மெக்சிகோவின் பழங்குடிகள் பேசும் நாவாட்ல் மொழியில் பிறந்தவை. இரண்டு வேளைக்கு ஒரு வேளையேனும் மெக்சிகோவை நாம் உண்டுகொண்டுதான் இருக்கிறோம். அந்தக் கடையின் மைதாவிலும் அது உண்டு என்பது வேடிக்கை. 1966-இல் இந்தியா 18,000 டன் விதைக் கோதுமையை மெக்சிகோவிலிருந்தே இறக்கியது. நம் வயல்களில் இன்று விளையும் குட்டைக் கோதுமை பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்.

நண்பர் வீட்டில் முன்பு இரண்டு தறிகள். ஒன்றைப் பிரித்துவிட்டார். தறிக்குழியின்மேல் பலகை போட்டு அரிசி மூட்டை வைத்திருந்தது. மற்றதில் அவரும் அவர் துணைவியாரும் அரக்கு நிறத்தில் பச்சைக் கரை கோத்துக்கொண்டிருந்தனர். "வாங்க பாய்" என்றார், நாடா நிற்கவில்லை. பையனுக்கு அன்று வார விடுமுறை. திண்ணையில் இருந்தான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். "தம்பி, அன்று நான் உன்னிடம் பொய் சொல்லிவிட்டேன். சாப்பாடு நன்றாயில்லை. மலிவென்பதால் சொல்லவில்லை. பலகையில் மக்காச்சோளம் என்று எழுதியிருக்கிறது, தட்டில் மைதா வருகிறது."

கோபிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் தலை குனிந்தான். "தெரியும் மாமா. சேர்ந்த அன்றே முதலாளியிடம் கேட்டேன், மக்காச்சோள ரொட்டி எப்படிப் போடுவது, எங்கேயாவது போய்க் கற்று வரட்டுமா என்று. 'இந்த ஊரில் எவனுக்குத் தெரியப் போகிறது' என்று சொல்லிவிட்டார். உறையில் வருவதைப் பிரித்துச் சூடாக்குகிறேன். நான் இன்றுவரை உண்மையான டாகோவைத் தின்றதே இல்லை."

தறியோசை நின்றது. நண்பர் நாடாவைக் கையில் பிடித்தபடி மகனைப் பார்த்தார். "அதே வார்த்தை" என்றார்.

சில ஆண்டுகளுக்கு முன் அவரிடம் நெசவு கொடுத்துவந்த வணிகரொருவர், வெள்ளிச் ஜரிகைக்குப் பதிலாகப் போலி ஜரிகையைக் கொண்டுவந்து கொடுத்து, அசல் விலைக்கே விற்கலாம், வாங்குபவர் யாருக்குத் தெரியப் போகிறது என்றாராம். இவர் பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேலை வேறு தறிக்குப் போயிற்று. பிரித்துப்போட்ட அந்தத் தறியின் கதை அதுதான். எனக்கு அன்றுவரை தெரியாது. சங்கத்தில் உட்கார்ந்து கணக்கெழுதியவனுக்குத் தறி நின்ற தேதி தெரியும், காரணம் தெரியவில்லை.

2005-ஆம் ஆண்டிலேயே காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. விசைத்தறியில் ஓடிய புடவையும், பட்டே கலவாத புடவையும் எங்கள் ஊர்ப் பெயரைச் சூட்டிக்கொண்டு கடைகளில் தொங்குவதை அது முற்றாகத் தடுத்துவிடவில்லை. நூலொன்றை உருவிக் கொளுத்தினால், தலைமயிர் கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடியாக வேண்டும். உருகி உருண்டையானால் அது பட்டன்று. ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிய வேண்டும். இதையெல்லாம் வெளியூர்க்காரரிடம் வாய் ஓயாமல் சொல்லும் எங்கள் ஊரில், எங்கோ இருக்கும் மெக்சிகோவின் பெயரை அதே விதமாய் ஒருவர் விற்கிறார். அந்நாட்டு மக்களின் மரபு வழிச் சமையலை யுனெஸ்கோ 2010-இல் மானுடத்தின் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலிட்டது. அவர்களுடைய மூதாட்டியும் எங்கள் நெசவாளரும் ஒரே கட்சி. கோதுமை ரொட்டியே போலி என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். வட மெக்சிகோவில் கோதுமை ரொட்டிதான் வழக்கம். பலகையில் மைதா என்றே எழுதியிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் இன்னொன்று. மலிவு என்பதைப் போலிக்குச் சாக்காகச் சொல்கிறார்கள். மெக்சிகோ உணவு அடிப்படையில் ஏழைகளின் உணவு. மக்காச்சோளம், அவரை, பூசணி, மிளகாய், தக்காளி. தக்காளியையும் மிளகாயையும் தணலில் சுட்டு, முக்காலிக் கல்லுரலில் நசுக்கி உப்பிட்டால் சல்சா; சுட்ட கத்தரிக்காயை அம்மியில் அரைத்த கைகளுக்கு அது அரைநாழிகை வேலை. அவர்களுடைய மாவரைக்கும் கல்லைப் பார்த்தால் நம் அம்மிக்கு அக்காள் என்பீர்கள். மக்காச்சோளமோ பெரம்பலூரில் மலைமலையாய் விளைந்து, நாமக்கல் கோழிகளுக்குத் தீவனமாகப் போகிறது. மெய்யான பொருள் காலடியில் மலிவாய்க் கிடக்க, உறையிலிட்ட போலியைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார் அந்த முதலாளி.

"செய்து பார்ப்போமா மாமா?" என்றான் பையன்.

அடுத்த வார விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். மருந்து கலவாத மக்காச்சோளம் ஒரு கிலோ, முப்பது ரூபாய். சுண்ணாம்பு, வெற்றிலைக்கு இடும் வெள்ளைச் சுண்ணாம்புதான். மெக்சிகோ மக்கள் பல்லாயிரம் பேர் தலைமுறை தலைமுறையாய்ச் செய்துவரும் வேலை இது: சுண்ணாம்பு கரைத்த நீரில் சோளத்தை வேகவைத்து, அந்நீரிலேயே இரவு முழுதும் ஊறவிட்டு, காலையில் தோல் கழலக் கழுவி அரைக்க வேண்டும். சுண்ணாம்பில் வேகாத மக்காச்சோள மாவு ரொட்டிக்குப் பிடி கொடுக்காது; சுண்ணாம்பில் வெந்ததே ஒட்டும்.

பயன் சுவையோடு நிற்கவில்லை. மக்காச்சோளத்திலுள்ள நியாசின் என்னும் வைட்டமின், சுண்ணாம்பு பட்டால்தான் உடலுக்குக் கிட்டும். சோளத்தை எடுத்துச் சென்ற ஐரோப்பியர் சுண்ணாம்பை அங்கேயே விட்டுவிட்டுப் போயினர். விளைவாக, சோளத்தையே நம்பிய ஸ்பெயின், இத்தாலி நாட்டு ஏழைகளைப் பெல்லக்ரா என்னும் தோல் நோய் பீடித்தது. காஸ்பர் காசால் என்னும் ஸ்பெயின் மருத்துவர் 1735-இல் அதைக் கண்டு எழுதினார். காரணம் தெளிவாகப் புரிய 20-ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. நோய் முற்றினால் மனம் பேதலித்து உயிர் போகும். பண்டத்தை எடுத்துக்கொண்டு பக்குவத்தை விட்டதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

முதல் முறை சுண்ணாம்பு மிகுந்துவிட்டது. ரொட்டி மஞ்சளாகி நாக்கைப் பிடித்தது. இரண்டாம் முறை மாவு அரைக்கும் இயந்திரத்தில் இட்லிக்கு விடுவதுபோல் நீர் விட்டுவிட்டான், கூழாயிற்று. ஊர்க் குருவிகளுக்கு விருந்து. மூன்றாம் முறை ஒரு கிலோவுக்குச் சுண்ணாம்பு பத்து கிராமே இட்டு, நீரைக் கையால் தெளித்துத் தெளித்து அரைத்தான். அதுவும் சற்று இளகியது. என் இல்லாள் அதுவரை தூரநின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "துணியில் கட்டித் தொங்கவிடு, தட்டைக்கு மாவு பிழிந்ததில்லையா நீ?" என்றாள். பிறகு இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கிடையே உருண்டையை வைத்துப் பலகையால் அழுத்தி, காய்ந்த இரும்புக் கல்லில் போட்டான். ஒருபுறம் திருப்பினான். மறுபுறம் திருப்பினான். நடுவில் மெல்ல உப்பி எழுந்தது. வெள்ளையடித்த சுவரின்மேல் மழை பெய்த வாடை வீடெல்லாம் பரவிற்று.

அவன் முதல் ரொட்டியைப் பிய்த்து வாயிலிட்டுவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பேத்தி தக்காளியைச் சுட்டு நசுக்கியிருந்தாள். முந்தைய நாள் மீந்த ஆட்டுக்கறியை வறட்டி, வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, எலுமிச்சை பிழிந்து மடித்து உண்டோம். ஒரு கிலோவில் நாற்பது ரொட்டிக்குக் குறையவில்லை. கறியோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தேன், பழைய எழுத்தரல்லவா? கடையில் கொடுத்ததில் மூன்றிலொரு பங்குகூட ஆகவில்லை. நான்கு ரொட்டிகளை வாழையிலையில் சுற்றித் தந்தைக்கு எடுத்துச் சென்றான். அவர் ஒன்றை வெறுமனே தின்று பார்த்து, "இது எந்த ஊர்க் கோர்வை?" என்று கேட்டாராம்.

மறுநாள் முதலாளிக்கும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். அவர் நல்ல மனிதர் என்றே சொல்ல வேண்டும். மூன்று தின்றுவிட்டு, "பிரமாதமாக இருக்கிறது" என்றார். பிறகு, எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று கேட்டார். மாலை வரை என்றான் இவன். உறையிலிருப்பது மாதக்கணக்கில் இருக்கும் என்று அவர் பேச்சை முடித்துவிட்டார். பலகையையாவது மாற்றலாமே என்றதற்கு, அச்சடித்த பணம் வீணாகும் என்றார்.

பையன் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறான். வீட்டுக் கடன் இருக்கிறது. பேருந்து நிலையத்தருகே ஒரு தள்ளுவண்டி போட வேண்டுமென்று அவனுக்கு ஆசை. தந்தை இன்னும் ஆம் என்னவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குள் கை பழகட்டுமென்று, விடுமுறைக்கு முந்திய இரவுதோறும் எங்கள் அடுக்களையில் ஒரு பாத்திரம் மக்காச்சோளம் ஊறுகிறது. இதில் இப்போதைக்கு ஒரே தகராறு, மாவரைக்கும் இயந்திரத்தைப் பற்றியது. எவ்வளவு கழுவினாலும் சென்ற வார இட்லியில் சுண்ணாம்பு மணக்கிறதென்று என் இல்லாள் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டாள். அவனுக்கென்று பழைய ஆட்டுக்கல் ஒன்று கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.